சிறுநீரக நோயாளரின் இரத்தச் சோகையும் அதன் பரிகாரமும்

குருதியிலுள்ள கழிவுகளை வடித்துச் சிறுநீராக வெளியேற்றுவது சிறுநீரகத்தின் தொழில் என்பதை நாம் எல்லோரும் கீழ்வகுப்பிலேயே கற்றிருக்கின்றோம். அது மெய், ஆயினும் முழு மெய் அன்று. அவ்வுறுப்பு உடலின் உப்பையும் நீரையும் சமன் செய்கின்றது, குருதியமுக்கத்தை நெறிப்படுத்துகின்றது, விற்றமின் டி-யைச் செயல்வடிவுக்கு மாற்றி என்புகளைக் காக்கின்றது. இவற்றோடு, புதிய செங்குருதிக் கலங்களை ஆக்குமாறு என்பு மச்சைக்கு இடையறாது கட்டளையும் அனுப்புகின்றது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு இயந்திரத்தின் துணைகொண்டு குருதியைச் சுத்திகரிக்கும்போது, கழிவகற்றலையும் உப்பு நீர்ச் சமனையும் மட்டுமே நாம் ஓரளவுக்கு ஈடுசெய்கின்றோம். என்பு மச்சைக்குச் செல்லவேண்டிய கட்டளையை எந்த இயந்திரமும் அனுப்புவதில்லை. வாரந்தவறாது சுத்திகரிப்புப் பெறும் நோயாளர் பலர் வெளிறிய முகத்தோடும் தளர்ந்த நடையோடும் காணப்படுதற்குத் தலையாய காரணம் இதுவே.

நீரிழிவும் உயர்குருதியமுக்கமும் பெருகிவிட்ட இக்காலத்தில், இச்சிகிச்சையை நாடவேண்டிய நிலை எக்குடும்பத்திற்கும் நேரலாம். வடமத்திய மாகாணத்திலே, காரணம் முற்றாகத் துணியப்படாத சிறுநீரக நோயொன்று 1990களிலிருந்து உழவர் குடும்பங்களை வாட்டிவருவதும் யாவரும் அறிந்ததே. இந்நோயாளரின் சோகையைப் பற்றி இல்லத்தார் கொண்டுள்ள எண்ணங்கள் பெரும்பாலும் இரண்டு. சத்துள்ள உணவு கொடுத்தால் இரத்தம் ஊறும் என்பது ஒன்று. இரத்தம் குறைந்தால் இரத்தம் ஏற்றுவதே நேரான வழி என்பது மற்றையது. இரண்டும் அன்பினாற் பிறந்த எண்ணங்கள். இரண்டும் இந்நோயாளருக்குத் தீங்கு பயக்கக்கூடியவை. அது ஏன் என்பதையும், உண்மையில் நிறைக்கவேண்டியது யாது, அதனை எவ்வளவுக்கு நிறைக்கவேண்டும் என்பதையும் மாணவர்க்கும் இல்லத்தார்க்கும் விளங்குமாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோகை என்பது யாது?

செங்குருதிக் கலங்களினுள்ளே ஈமோகுளோபின் என்னும் புரதம் உண்டு. இரும்பைத் தன்னகத்தே கொண்ட இப்புரதமே நுரையீரலில் ஒட்சிசனைப் பற்றிக்கொண்டு உடலின் இழையங்கள்தோறும் சேர்ப்பிக்கின்றது. 100 மில்லிலீற்றர் குருதியிலே ஈமோகுளோபின் வளர்ந்த ஆடவர்க்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்டிர்க்கு 12 கிராமுக்கும் குறையுமாயின் அதனைச் சோகை என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. சிறுநீரகம் செயலிழந்தவர் தக்க மருந்து பெறாதவிடத்து இவ்வளவு 7 கிராமுக்குங் கீழே இறங்குதலும் உண்டு.

சோகையால் வரும் களைப்பு யாவருக்கும் தெரியும். நாலு படி ஏறுமுன் மூச்சு வாங்குதல், குளிர் தாங்காமை, உறக்கக் குழப்பம், மனம் ஒன்றில் நிலைகொள்ளாமை என்பனவும் அதன் குறிகளே. ஆயின் வெளியே தெரியாத கேடு இருதயத்தில் நிகழ்கின்றது. ஒட்சிசன் குறைந்த குருதியைக் கொண்டு உடலை நடத்தவேண்டியிருத்தலால் இருதயம் மிகுந்து உழைக்கின்றது. நாளடைவில் அதன் இடப்பாகம் தடித்துப் பருத்துப் பின்னர் சோர்ந்துவிடுகின்றது. சுத்திகரிப்புப் பெறுவோரின் மரணத்துக்கு இருதய நோயும் குருதிக்கலன் நோயுமே பெருங் காரணங்களாய் இருத்தலை நோக்குமிடத்து, சோகையைக் களைப்புத் தானே என்று தள்ளிவிடல் ஆகாது என்பது புலனாகும்.

சோகை தோன்றுமாறு

நலமுள்ள உடலிலே ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்கலங்கள் புதிதாகத் தோன்றுகின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏறத்தாழ 120 நாள்கள். அழிவுக்கு ஏற்ப ஆக்கம் நிகழவேண்டுமாயின் இருப்பை அளந்து கட்டளையிடும் அதிகாரி ஒருவர் வேண்டுமன்றோ? சிறுநீரகத்தின் புறப்பகுதியிலே நுண்குழாய்களைச் சூழ்ந்துள்ள சில கலங்கள் அவ்வதிகாரியின் தொழிலைச் செய்கின்றன. தம்மிடம் வந்துசேரும் ஒட்சிசன் குறைந்தால், அவை எரித்திரோபொயிற்றின் என்னும் ஓமோனைக் குருதியிற் கலக்கின்றன. அவ்வோமோன் என்பு மச்சையை அடைந்து, முதிருமுன் மடிந்துபோகவிருந்த இளங்கலங்களைக் காத்து வளர்க்கின்றது. செங்கலங்கள் பெருகி ஒட்சிசன் நிறைவானதும் ஓமோன் சுரத்தல் தணிகின்றது. கலங்கள் ஒட்சிசனை உணரும் இந்நுட்பத்தை விளக்கியமைக்காகவே வில்லியம் கேலின், பீற்றர் ராட்கிளிப், கிரெக் செமென்சா ஆகிய மூவர்க்கும் 2019ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீரகம் தழும்புற்றுச் சுருங்கும்போது இந்த ஓமோன் போதிய அளவு சுரப்பதில்லை. என்பு மச்சை நலமாகவே இருந்தும் கட்டளை வராமையால் தொழில் மந்தமாகின்றது. இது முதற் காரணம். கழிவு மிகுந்த குருதியிலே செங்கலங்களின் ஆயுள் குறைந்துவிடுதல் இரண்டாவது காரணம். சுத்திகரிப்பின்போதும் பரிசோதனைகளின்போதும் குருதி சிறிது சிறிதாக இழக்கப்பட்டு இரும்புக் கையிருப்பு வற்றுதல் மூன்றாவது காரணம். ஆக்கம் குறைதல், ஆயுள் குறைதல், இழப்பு மிகுதல் என்னும் மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் பரிகாரங்கள் யாவும் எளிதில் விளங்கும்.

ஓமோனைத் தேடிய வரலாறு

1906ஆம் ஆண்டிலே பாரிசில் போல் கார்னோ என்பவரும் அவருடைய துணையாளரான தெப்ளாந்திர் அம்மையாரும், குருதி வடிக்கப்பட்ட முயலின் நீர்ப்பாயத்தை மற்றொரு முயலுக்கு ஏற்றியபோது அதன் செங்கலங்கள் பெருகியதாக அறிவித்தனர். பிறர் செய்துபார்த்தபோது அம்முடிவு எளிதிற் கிட்டாமையால் அக்கருத்து நெடுங்காலம் ஐயத்துக்கு இடமாயிருந்தது. 1953இல் அலன் எர்ஸ்லெவ் என்பார் சோகையுற்ற முயல்களின் திரவவிழையத்தைப் பேரளவில் ஏற்றி, அத்தகைய பொருள் ஒன்று உண்டு என்பதை நிலைநாட்டினார். 1957இல் சிக்காகோவிலே லியோன் ஜேக்கப்சன், இயுஜீன் கோல்ட்வாசர் முதலியோர், அது பெரும்பாலும் சிறுநீரகத்திலேயே பிறக்கின்றது என்று எலிகளைக் கொண்டு காட்டினர்.

உண்டு என்று காட்டுதல் வேறு, பிரித்தெடுத்தல் வேறு. கோல்ட்வாசர் அப்பொருளைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். ஆயிரக்கணக்கான லீற்றர் செம்மறியாட்டுக் குருதி பயன்பட்டும் கருமம் முற்றுப்பெறவில்லை. யப்பானிய வைத்தியரான தக்காஜி மியாக்கே, என்பு மச்சை செயலிழந்தமையாற் சோகையுற்ற நோயாளரின் சிறுநீரிலே இவ்வோமோன் மிக்கிருத்தலை அறிந்து, குமமோட்டோ நகரில் 2,550 லீற்றர் சிறுநீரைச் சேகரித்துச் செறிவித்து உலர்த்தி, 1975இல் அதனைத் துணியிற் சுற்றிய பொதியாகச் சிக்காகோவுக்குத் தம் கையாலேயே கொண்டுவந்தார். அவ்வளவு சிறுநீரிலிருந்தும் கிடைத்த தூய ஓமோன் ஏறத்தாழ 8 மில்லிகிராம் மாத்திரமே. அவ்வெற்றி 1977இல் வெளியிடப்பட்டது. கலிபோர்னியாவிலுள்ள அம்ஜென் நிறுவனத்தைச் சேர்ந்த பூ-குவென் லின் என்பவர் அந்தச் சிறு கையிருப்பைத் துணைக்கொண்டே 1983இல் இவ்வோமோனுக்குரிய பரம்பரையலகைக் கண்டுபிடித்தார். அப்பரம்பரையலகைப் புகுத்திய விலங்குக் கலங்களைக் கலன்களில் வளர்த்து, ஓமோனை வேண்டிய அளவு பெறுதல் அதன்பின் இயல்வதாயிற்று.

1986ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்தும், 1987 ஜனவரியில் சியாற்றில் நகரத்து யோசப் எஷ்பாக் குழுவினரிடமிருந்தும் முதல் நோயாளரைப் பற்றிய செய்திகள் வெளிவந்தன. இரத்தம் ஏற்றியே காலங்கழித்தவர்கள் இரத்தம் ஏற்றாமலே எழுந்து நடமாடினர். 1989 ஜூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவிலே இம்மருந்து அனுமதி பெற்றது. இன்று நமது நாட்டு வைத்தியசாலைகளிலும் இது வழங்கப்பட்டுவருகின்றது.

இரத்தம் ஏற்றுதலும் அதன் விளைவும்

ஒல்லாந்து தேசத்திலே கம்பென் நகரில் வில்லெம் கொல்ப் என்னும் வைத்தியர் தமது சுழல் இயந்திரத்தினால் முதன்முதல் நோயாளருக்குச் சிகிச்சை செய்தது 1943ஆம் ஆண்டில். 1960இல் பெல்டிங் ஸ்க்ரிப்னர் சியாற்றில் நகரிலே, நாடியையும் நாளத்தையும் இணைத்து நிலையாகப் பொருத்திவைக்கும் குழாயை அமைத்தபின்னரே, ஒரே நோயாளருக்கு ஆண்டுக்கணக்காகச் சிகிச்சை செய்தல் இயன்றது. உயிர் நீண்டது, சோகையும் உடன் நீண்டது. அக்காலத்தில் அதற்கு இருந்த முதன்மையான பரிகாரம் இரத்தம் ஏற்றுதலே.

அதனால் நேர்ந்த இடர்கள் பல. ஒரு பொதி இரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுட் புகுகின்றது. மிகுந்த இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லாமையால், அடிக்கடி இரத்தம் பெற்றவரின் ஈரலிலும் இருதயத்திலும் அது படிந்தது. ஈரல் அழற்சியை உண்டாக்கும் வைரசுகள் சுத்திகரிப்புக் கூடங்களிலே பரவின. யாவற்றினும் மேலான இடர் ஒன்றுண்டு. பிறர் குருதியிலுள்ள வெண்கலங்களை எதிர்த்து நோயாளரின் உடல் பிறபொருளெதிரிகளை ஆக்கிவிடுகின்றது. அதன்பின் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்படுமாயின், அவ்வெதிரிகள் அதனையும் பகையெனக் கொண்டு தாக்கக்கூடும். பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பதே அரிதாகிவிடும். நன்கு பொருந்திய மாற்றுச் சிறுநீரகம் தானே ஓமோனைச் சுரந்து சோகையைப் பெரும்பாலும் நீக்கிவிடுமாதலால், இன்று ஏற்றும் ஒரு பொதி இரத்தம் நாளை கிடைக்கக்கூடிய முழுப் பரிகாரத்துக்குத் தடையாகலாம். தந்தைக்கு மகனோ, கணவனுக்கு மனைவியோ சிறுநீரகம் வழங்க எண்ணியிருக்கும் குடும்பங்கள் இதனை முக்கியமாக அறிந்திருத்தல் வேண்டும். அத்தகைய உறவினர் தம் இரத்தத்தையே அந்நோயாளருக்குக் கொடுத்தல் தகாது.

இதனால் இரத்தம் ஏற்றலே கூடாது என்பது கருத்தன்று. திடீரெனக் குருதி பெருகியவிடத்தும், நெஞ்சுநோவும் கடும் மூச்சிரைப்பும் கண்டவிடத்தும், மருந்துக்கு இணங்காத கடுஞ் சோகையிலும் அது உயிர்காக்கும். அப்பொழுதும் இயலுமாயின் சுத்திகரிப்பு நடைபெறும் வேளையிலேயே ஏற்றுதல் நன்று. மிகையான நீரும் பொற்றாசியமும் உடனுக்குடன் அகற்றப்படும்.

இரும்பின் கணக்கு

ஓமோன் கட்டளை மாத்திரமே. ஈமோகுளோபினை ஆக்கும் மூலப்பொருள் இரும்பு. இருப்பில்லாத களஞ்சியத்துக்குக் கட்டளை அனுப்பிப் பயன் யாது? ஆதலின் ஓமோன் தொடங்குமுன் இரும்பின் இருப்பை அறிதல் வைத்தியரின் முதற் கடமை.

இங்கே சிறு கணக்கொன்று பார்ப்போம். வாரத்துக்கு மூன்று தடவை சுத்திகரிப்பு எனின் ஆண்டுக்கு 156 தடவை. ஒவ்வொரு தடவையும் வடிகட்டியிலும் குழாய்களிலும் 10 மில்லிலீற்றர் குருதி மட்டுமே தங்கிப் போவதாகக் கொண்டாலும், ஆண்டுக்கு ஒன்றரை லீற்றருக்கு மேலாகின்றது. பரிசோதனைக்கு எடுப்பது, ஊசித் துளையில் வடிவது, குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் மருந்தினாற் குடலிற் கசிவது என்பவற்றையுஞ் சேர்த்தால், ஆண்டொன்றுக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு இழக்கப்படுகின்றது. நலமுள்ளவர் உணவிலிருந்து நாளொன்றுக்கு உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம். ஆண்டு முழுவதற்கும் முக்காற் கிராமைத் தாண்டாது.

சிறுநீரக நோயாளர் அவ்வளவையும் உறிஞ்சமாட்டார். ஈரலிற் பிறக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு ஓமோன் இரும்பு செல்லும் வாயிலைக் காப்பது. அது மிகுமாயின், குடலிலிருந்து குருதிக்கும், களஞ்சியக் கலங்களிலிருந்து என்பு மச்சைக்கும் இரும்பு செல்லும் வழி அடைபடும். அழற்சியும் கிருமித்தொற்றும் அதனை மிகுவிப்பன. சிறுநீரகம் செயலிழந்தவரிடத்தோ அது இயல்பாகவே மிக்கிருக்கின்றது. இதனாலேயே வாயால் விழுங்கும் இரும்பு மாத்திரை சுத்திகரிப்பு நோயாளருக்குப் பெரும்பாலும் போதுவதில்லை; நாளத்தினூடாக இரும்பு மருந்தை ஏற்றவேண்டியிருக்கின்றது.

இருப்பை அறிதற்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. பெரிற்றின் என்பது களஞ்சியத்திலுள்ள இரும்பைக் காட்டும். திரான்ஸ்பெரின் நிரம்பல் வீதம் என்பது வழியிலே சென்றுகொண்டிருக்கும் இரும்பைக் காட்டும். அழற்சியின்போது பெரிற்றின் வீணே உயர்ந்து தோன்றுமாதலால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்தலாகாது. களஞ்சியம் நிறைந்திருந்தும் வழி வெறுமையாயிருத்தல் இந்நோயாளரிடத்து அடிக்கடி காணப்படும் நிலை.

எவ்வளவு இரும்பு கொடுப்பது என்பது நெடுநாள் விவாதம். ஐக்கிய இராச்சியத்திலே 2,141 நோயாளரைக் கொண்டு நிகழ்த்தப்பெற்று 2019இல் முழுமையாக வெளியான பிவொற்றல் ஆய்வு அதற்கு ஓரளவு விடை கண்டது. ஒரு சாராருக்கு, பெரிற்றின் 700ஐயோ நிரம்பல் வீதம் 40ஐயோ எட்டாதவரை, மாதந்தோறும் 400 மில்லிகிராம் இரும்பு முன்கூட்டியே கொடுக்கப்பட்டது. மறு சாராருக்குக் குறைவு கண்டபின்பே கொடுக்கப்பட்டது. முன்கூட்டிப் பெற்றோர்க்கு ஓமோன் மருந்து குறைவாகவே தேவைப்பட்டது, மரணமும் இருதய நிகழ்ச்சிகளும் சேர்ந்த தொகை அவரிடத்து மிகவில்லை, சற்றுக் குறைந்தே இருந்தது, கிருமித்தொற்றும் மிகவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த நமது நாட்டுக்கு, விலைமிக்க மருந்தைச் சிக்கனமாக்கும் இவ்வழி சிறிய செய்தியன்று. ஆயினும் கிருமித்தொற்றுக் கடுமையாக உள்ள காலத்தில் நாளவழி இரும்பை நிறுத்திவைத்தல் வேண்டும். ஏற்றும்போது ஒவ்வாமை தோன்றுகின்றதா என்று தாதியர் அருகிருந்து கவனித்தலும் வேண்டும்.

அளவு எது?

குறைவே நோயாயின் நிறைவே மருந்து என்று எண்ணுதல் இயல்பு. ஓமோன் மருந்து கைக்கு வந்ததும் வைத்திய உலகம் அவ்வாறே எண்ணியது. ஈமோகுளோபின் உயர்ந்த நோயாளர் நெடிது வாழ்வதைப் பல கணிப்புகள் காட்டின. அதனால், ஈமோகுளோபினை மருந்தினால் உயர்த்தினால் யாவரும் நெடிது வாழ்வர் என்று பலர் துணிந்தனர். முன்னையது உண்மை, பின்னையது அதிலிருந்து பெறப்படுவதன்று. உடல்வலியுள்ளவரிடத்து ஈமோகுளோபின் தானே உயர்ந்திருக்கும். அதனை வலிந்து உயர்த்துவதால் வலியற்றவர் வலியுள்ளவராகிவிடார். விஞ்ஞானம் கற்கும் மாணவர் இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளல் வேண்டும்.

1998இல் ஐக்கிய அமெரிக்காவிலே வெளியான ஆய்வொன்றில், இருதய நோயும் உடைய 1,233 சுத்திகரிப்பு நோயாளர் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினரின் குருதியில் செங்கலப் பங்கு, நலமுள்ளவரைப் போல 42 சதவீதத்துக்கு உயர்த்தப்பட்டது. மறுபகுதியினர் 30 சதவீதத்திலேயே வைக்கப்பட்டனர். உயர்த்தப்பட்ட பகுதியில் 183 பேரும் மற்றைய பகுதியில் 150 பேரும் இறந்தனர். நன்மை காணும் வாய்ப்பில்லாமையால் ஆய்வு இடையிலே நிறுத்தப்பட்டது. இன்னும் சுத்திகரிப்பை எட்டாத நோயாளரிடத்து நிகழ்ந்த ஆய்வுகளும் இதனையே வற்புறுத்தின. 2009இல் வெளியான திரீற் ஆய்விலே 4,038 நீரிழிவு நோயாளர் பங்குபற்றினர். ஈமோகுளோபினை 13 கிராமுக்கு உயர்த்த மருந்து பெற்றோருள் 101 பேருக்கும், போலிமருந்து பெற்றோருள் 53 பேருக்கும் பாரிசவாதம் கண்டது. 2011இல் ஐக்கிய அமெரிக்காவின் மருந்து நிருவாகம் இம்மருந்தின் அளவைக் குறைக்குமாறு எச்சரிக்கையை இறுக்கியது.

இவ்வனுபவங்களின் பயனாக, கே.டி.ஐ.ஜி.ஓ. என்னும் சர்வதேச அமைப்பு 2012இல் வகுத்த நெறி வருமாறு: சுத்திகரிப்பு நோயாளருக்கு ஈமோகுளோபின் 9க்கும் 10க்கும் இடையில் இருக்கும்போதே ஓமோன் மருந்தைத் தொடங்கி, 9க்குக் கீழே விழாது காத்தல், பொதுவாக 11.5க்கு மேலே நிலைநிறுத்தாமை. 13க்கு மேலே வேண்டுமென்றே உயர்த்தாமை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் முதுமொழி இங்கே ஆய்வுக்கூடத்தில் மெய்யாயிற்று எனலாம்.

உயரும் வேகமும் கருதத்தக்கது. மாதமொன்றுக்கு 1 முதல் 2 கிராம் உயர்தல் போதும். இரண்டு வாரத்தினுள் 1 கிராமுக்கு மேலே உயர்ந்தால் மருந்தைக் குறைத்தல் வேண்டும். இல்லையேல் குருதியமுக்கம் மிகுந்து தலைவலியும் வலிப்பும் நேரக்கூடும். எப்பொயிற்றின் எனப்படும் முதல் மருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை கொடுக்கப்படும். நெடிது நிலைக்கும் டார்பெப்பொயிற்றின் வாரத்துக்கு ஒருமுறை அமையும். ஒட்சிசன் குறைந்ததாக உடலை எண்ணச்செய்து ஓமோனைச் சுரப்பிக்கும் ரொக்ஸாடுஸ்ராற் முதலிய வாய்வழி மாத்திரைகளும் 2018இற் சீனாவில் தொடங்கிச் சில நாடுகளில் அனுமதி பெற்றுள்ளன. மருந்து எதுவாயினும் மேற்கூறிய அளவு மாறுவதில்லை.

மருந்துக்கு இணங்காத சோகை

தக்க மருந்து கொடுத்தும் ஈமோகுளோபின் உயராதிருக்குமாயின், மருந்தை மேன்மேலும் கூட்டுதல் அறிவுடைமையன்று; காரணத்தைத் தேடல் வேண்டும். முதலில் தேடவேண்டியது இரும்புக் குறைவு. அடுத்தது மறைந்திருக்கும் கிருமித்தொற்று. கழுத்துக் குழாயினூடாகச் சுத்திகரிப்புப் பெறுவோரிடத்து இது மிகுதி. குடலில் மெல்லக் கசியும் குருதி, போலிக்கமில விற்றமின் பி12 என்பவற்றின் குறைவு, பரத்தைரொயிட்டுச் சுரப்பிகளின் மிகைத் தொழில், பரம்பரையாக வரும் தலசீமியா என்பனவும் ஆராயத்தக்கன. சுத்திகரிப்புப் போதாமையும் ஒரு காரணமே. வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் என்பது பொதுவான அளவு. இரு தடவை மாத்திரமே பெறுவோரும், நேரத்தைக் குறைக்குமாறு வேண்டி முன்னதாகவே எழுந்து செல்வோரும் சோகையைத் தாமே வளர்த்துக்கொள்ளும் நிலைக்கு ஆளாகின்றனர்.

நீரையும் மறத்தலாகாது. ஒரு தடவைச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 120 லீற்றர் நீர், மெல்லிய சவ்வொன்று மட்டுமே இடையில் நிற்க, நோயாளரின் குருதியை அடுத்து ஓடுகின்றது. நகர நீரைத் தூய்மையாக்கச் சேர்க்கும் குளோரமைன் அந்நீரில் எஞ்சியிருந்தால் செங்கலங்கள் உடைந்துபோம். அலுமினியம் சேர்ந்திருந்தால் சோகையும் என்பு நோயும் மூளைக் கேடும் விளையும் என்பது 1970களில் அறியப்பட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகள் பலவற்றிற் காணப்படும் நைத்திரேற்றும் ஈமோகுளோபினைக் கெடுக்கவல்லது. ஆதலினால், கரி வடிகட்டியையும் சவ்வு வடிகட்டியையும் நாள்தோறும் சோதிப்பவர் நோயாளரின் குருதியையே காப்பவராவர்.

இல்லத்தார் அறியவேண்டுவன

இனி உணவுக்கு வருவோம். முருங்கையிலை, பேரீச்சம்பழம், பீற்றூற் என்பன இரத்தம் ஊறச் செய்யும் என்று கருதி நோயாளருக்கு மிகுதியாகக் கொடுப்போர் உளர். மேலே காட்டிய கணக்கின்படி இவற்றிலுள்ள இரும்பு இழப்பை ஈடுசெய்யாது. அன்றியும் இவற்றிற் பொற்றாசியம் மிக்குண்டு; சிறுநீரகம் செயலிழந்தவரின் குருதியிலே பொற்றாசியம் திடீரென உயர்ந்தால் இருதயம் நின்றுவிடவுங் கூடும். இளநீருக்கும் பழச்சாறுகளுக்கும் இது பொருந்தும். இலைவகைகளை எவ்வளவு, எவ்வாறு சமைத்து உண்ணலாம் என்பதை வைத்தியரிடமோ உணவு ஆலோசகரிடமோ கேட்டறிதல் வேண்டும். புரதம் மாத்திரம் குறையலாகாது. சுத்திகரிப்பின்போது புரதக்கூறுகள் வெளியேறுதலால் முட்டை, மீன், கோழி, பருப்பு முதலியவற்றை விதித்த அளவில் உண்ணல் வேண்டும்.

ஓமோன் மருந்தை வெளியே வாங்கிவருவோர் அதனைப் பனிக்கட்டியிட்ட போத்தலிற் கொண்டுவந்து, குளிரேற்றியில் 2 பாகை முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். உறைந்த மருந்தும் குலுக்கிய மருந்தும் பயனற்றன. நாடியும் நாளமும் பிணைக்கப்பட்ட கையிலே நாள்தோறும் உள்ளங்கையை வைத்து அதிர்வு உண்டா என்று பார்த்தல் வேண்டும். அதிர்வு நின்றால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குருதியமுக்கம் உயர்தல், புதிய தலைவலி, மலம் கறுத்தல், காய்ச்சல் என்பவற்றையும் மறையாது தெரிவித்தல் வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் வைத்தியரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிவைக்கவேண்டியவை நான்கு: ஈமோகுளோபின் எவ்வளவு? சென்ற மாதத்தினின்றும் அது எவ்வளவு மாறியது? பெரிற்றினும் நிரம்பல் வீதமும் இறுதியாக எப்பொழுது பார்க்கப்பட்டன, அவை யாவை? ஓமோன் மருந்தின் அளவு யாது? இந்நான்கும் ஒரே பக்கத்தில் இருக்குமாயின், புதிதாக வரும் வைத்தியரும் நோயாளரின் நிலையை ஒரு நோக்கிலே உணர்வர். அந்த ஏட்டை எழுதுவதற்கு வைத்திய அறிவு வேண்டுவதில்லை. கூட்டலுங் கழித்தலும் அறிந்த பள்ளி மாணவர் ஒருவர் வீட்டில் இருந்தாற் போதும்.